மதுரையில ரூம் போடுறீங்களா? 24 மணி நேர லாட்ஜா, 12 மணி செக்-இன் ஹோட்டலான்னு முதல்ல பாத்துக்குங்க

மதுரைக்கு வர்ற சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு வருசம் முழுக்க யாராவது ஒருத்தர் எனக்கு போன் போட்டு "நல்ல ரூமா சொல்லுப்பா"ம்பாங்க. ஏசி இருக்கா, கோயிலுக்குப் பக்கமா, எவ்வளவு வாடகைன்னு எல்லாம் கேப்பாங்க, ஆனா செக்-இன் எத்தனை மணிக்குன்னு கேட்டவங்க ரொம்பக் கம்மி. நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வியே நீங்க எத்தனை மணிக்கு வந்து இறங்குறீங்க, எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கங்கிறதுதான்.

ஏன்னா மதுரையில ரெண்டு விதமா ரூம் குடுக்குறாங்க. ஸ்டேஷனுக்கு எதிர்ல டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் இருக்குற நெறைய லாட்ஜுல 24 மணி நேரக் கணக்கு, அதாவது நீங்க சாவி வாங்குன நேரத்துல இருந்து மறுநாள் அதே நேரம் வரைக்கும் ஒரு நாள். பெரிய ஹோட்டல்கள்ல பெரும்பாலும் மத்தியானம் 12 மணிக்கு செக்-இன், மறுநாள் 11 இல்ல 12க்கு காலி பண்ணணும், சில இடத்துல செக்-இன்னே 1 மணி 2 மணின்னு இருக்கு.

போன வருசம் எங்க சித்தப்பா குடும்பம் ஆறு பேரு சென்னையில இருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வந்தாங்க, அது விடியக்காலையிலயே மதுரைக்கு வந்துரும், எங்க வீட்டுல அத்தனை பேருக்கு இடம் பத்தாதுன்னு அவங்களே ஆப்ல ஒரு ஹோட்டல் போட்டுட்டாங்க. ஆறு மணிக்குப் போயி நின்னா ரிசப்ஷன்ல "12 மணிக்குத்தான் சார் ரூம், இப்பவே வேணும்னா இன்னொரு நாள் வாடகை ஆகும்"னுட்டாங்க. சித்திக்கு முழங்கால் வலி, ராத்திரி பூரா ட்ரெயின்ல தூக்கமில்ல, "குளிக்காம எப்புடிப்பா கோயிலுக்குப் போறது"ன்னு சோபாவுலயே உக்காந்துட்டாங்க. 12 மணி வரைக்கும் காத்திருந்து ரூம் வாங்கி குளிச்சு கிளம்புறதுக்குள்ள மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியாச்சு, மத்தியானம் பன்னெண்டரைக்கு சாத்துனா சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பாங்க. ஒரு நாள் பயணத்துல பாதி நாள் அந்த சோபாவுலயே போச்சு, அத இப்ப நினைச்சாலும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஸ்டேஷன் வாசல்லயே முடிஞ்சிருக்கும்.

அவங்க மாதிரி காலைல வந்து கோயில் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி ட்ரெயினுக்கே திரும்புறவங்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான், வேற யோசனையே வேணாம். காலைல 6க்கு சாவி வாங்கி குளிச்சு, அம்மனைப் பாத்துட்டு வந்து சாப்பிட்டு, வெயில் நேரத்துல நல்லாத் தூங்கி எந்திரிச்சு, சாயங்காலம் திருமலை நாயக்கர் மகாலையும் பாத்துட்டு ராத்திரி காலி பண்ணுனாலும் ஒரே நாள் வாடகை. 12 மணி ஹோட்டல்ல இதே வேலைக்கு ரெண்டு நாள் காசு போகும், இல்லாட்டி சித்தி மாதிரி உக்காரணும்.

ராத்திரி 9 மணிக்கு வந்து மறுநாள் ராத்திரி 9 மணிக்குக் கிளம்புறவங்களுக்கும் 24 மணி நேரம்தான் லாபம். 12 மணி ஹோட்டல்ல மத்தியானமே பெட்டி படுக்கையத் தூக்கி ரிசப்ஷன்ல வச்சுட்டு ஒன்பது மணி நேரம் வெளிய சுத்தணும், சித்திரை வைகாசி வெயில்ல கைப்புள்ளையோட அத செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும்.

ஆனா எல்லாருக்கும் இதுதான்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காலைல 6க்கு வந்து சனிக்கிழமை மத்தியானம் கிளம்புறீங்கன்னு வைங்க. 24 மணி நேர லாட்ஜுல சனிக்கிழமை விடியக்காலை 6 மணியோட உங்க நாள் முடிஞ்சுபோச்சு, அதுக்கு மேல இருந்தா அடுத்த நாள் வாடகை விழும், அந்த நேரத்துல குழந்தைகள எழுப்பி பெட்டி கட்டுறது பெரிய பாடு. இங்க 12 மணி ஹோட்டல்ல முன்னாடியே போன் பண்ணி, அரை நாள் வாடகை கூடக் குடுத்து காலைலயே ரூம் தருவீங்களான்னு கேட்டு வாங்கிட்டா, ஒன்றரை நாள் காசுல நிம்மதியா முடிஞ்சிரும். சென்னையில இருந்து தேஜஸ் ட்ரெயின்ல வர்றவங்களும் கவலைப்பட வேணாம், அது மத்தியானம் 12 மணி வாக்குல வரும், ரூமும் அப்பத்தான் காலியாகும், ரெண்டும் ஒத்துப்போகும். ரெண்டு மூணு நாள் தங்கி அழகர்கோயில், திருப்பரங்குன்றம்னு கார்ல சுத்துறவங்க மணிக்கணக்கெல்லாம் பாக்காம பார்க்கிங், லிஃப்ட், சத்தமில்லாத ரூம் இதப் பாத்துப் போடுங்க, அதுக்கு பைபாஸ் ரோடு, அழகர்கோயில் ரோடு பக்கம் நல்லது. கோயிலச் சுத்தி சித்திரை வீதிகள்ல வண்டிய விட மாட்டாங்க, அந்தப் பக்கம் ரூம் போட்டுட்டு கார வச்சுக்கிட்டு அலையாதீங்க.

இப்ப முக்கியமான விசயம், இது பலருக்குத் தெரியல. லாட்ஜ் வாசல்ல 24 மணி நேரம்னு போர்டு இருக்கும், ஆனா அதே லாட்ஜ ஆப் வழியா போட்டா வவுச்சர்ல 12 மணின்னு வந்து நிக்கும். நேர்ல போயி கேட்டா "ஆப் புக்கிங்குக்கு அதுல போட்டிருக்கிற டைம்தான்"னு சொல்லிருவாங்க. அதனால ஆப்ல ரேட்டப் பாருங்க, போட்டோவப் பாருங்க, அப்புறம் நேரா லாட்ஜுக்கே போன் அடிச்சு "காலைல ஆறு மணிக்கு வர்றோம், 24 மணி நேரக் கணக்கு உண்டா, வரி சேத்து எவ்வளவு"ன்னு கேளுங்க. வரின்னு சொன்னது எதுக்குன்னா, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்னாடி 12 இருந்துச்சு. 7500க்கு மேல போனா 18. பழைய கணக்குல பில் போட்டா கேளுங்க, தப்பே இல்ல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, ஸ்டேஷனுக்குள்ளயே இருக்குற ரிடையரிங் ரூம். ஐஆர்சிடிசி சைட்ல ட்ரெயின் டிக்கெட்ல இருக்குற பி.என்.ஆர் நம்பர் போட்டு புக் பண்ணணும், டிக்கெட் கன்ஃபர்ம் இல்ல ஆர்ஏசியா இருக்கணும், வெயிட்டிங் லிஸ்ட்டுக்குக் கிடையாது. ரெண்டு பேரு வந்து குளிச்சு ரெஸ்ட் எடுத்துட்டு ஓடுறதுக்கு அருமை, வயசானவங்க பெட்டியோட ரோடு தாண்ட வேண்டியதில்ல, ஆனா ரூம் கொஞ்சம்தான், கடைசி நேரத்துல கெடைக்காது. பஸ்ல வர்றவங்களுக்கு இது ஆகாது. அவங்கள்ல நெறைய பேரு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்குவாங்க, அங்கயே லாட்ஜ் இருக்கு, ஆனா கோயிலுக்குன்னே வந்தா டவுன் பஸ் பிடிச்சு பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து ரூம் போடுறதுதான் எனக்கு சரின்னு படுது, அங்க இருந்து கோயிலுக்கு நடந்தே போயிரலாம்.

எங்க போட்டாலும் சாவி வாங்குறப்ப ரெண்டு நிமிசம் நின்னு செய்ய வேண்டியது சிலது இருக்கு. ரிஜிஸ்டர்லயும் ரசீதுலயும் என்ன நேரம் எழுதுறாங்கன்னு பாருங்க, 24 மணி நேர லாட்ஜுல அதுதான் உயிர், 6.20க்கு வந்தத 6ன்னு எழுதுனா மறுநாள் தகராறு வரும், ஒரு மணி நேரம் லேட்டானா என்ன பண்ணுவீங்கன்னும் அப்பவே கேட்டுருங்க. அட்வான்ஸா வாடகைக்கு மேல ஆயிரம் ஐநூறு வாங்குவாங்க, அதுக்கும் ரசீது கேளுங்க. சுடுதண்ணி நெறைய லாட்ஜுல காலைல மட்டும்தான், எத்தனை மணி வரைக்கும்னு கேட்டுட்டு மேல போங்க.

அடையாள அட்டை பெரியவங்க எல்லாருக்கும் கேப்பாங்க, ஒருத்தரோடது போதும்னு நினைச்சு வராதீங்க. பான் கார்டுல அட்ரஸ் இல்லாததால பல இடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஆதார் முழு நம்பரோட ஜெராக்ஸ் குடுக்க மனசில்லைன்னா, ஆதார் சைட்லயே கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாதிரி டவுன்லோட் பண்ணிக்கலாம், இல்ல டிரைவிங் லைசென்ஸ் குடுங்க. கல்யாணம் ஆகாத ஜோடி ரூம்ல தங்கக்கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லன்னு சென்னை உயர்நீதிமன்றம் 2019லயே சொல்லிருச்சு, இருந்தாலும் சில லாட்ஜுல குடுக்க மாட்டேங்கிறாங்க, ராத்திரியில போயி அலையிறதுக்குப் பதிலா போன்லயே கேட்டுக்கிறது நல்லது.

சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் மேல சொன்ன கணக்கு எதுவும் நிக்காது. திருக்கல்யாணம், தேரு, அழகர் ஆத்துல இறங்குறதுன்னு அந்த நாள்கள்ல வாடகையும் ஏறும், 24 மணி நேரம்னு இருந்த லாட்ஜும் அந்த வாரத்துக்கு வேற கணக்கு சொல்லலாம், ரூம் இருக்குன்னு சொன்னாலே பெரிய விசயம். அதுக்கு வர்றவங்க ரெண்டு மாசம் முன்னாடியே போன் பண்ணி அட்வான்ஸ் கட்டி, எத்தனை மணிக்கு சாவின்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கி வச்சுக்குங்க. சித்தப்பா குடும்பம் இந்தத் தடவ அப்படித்தான் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில போட்டிருக்காங்க, காலைல 6 மணிக்கு சாவின்னு மெசேஜே வந்திருச்சு, சித்தி ரெண்டாவது மாடி வேணாம் கீழ ரூம் கேளுன்னாங்க, அதையும் சேத்து எழுதி வாங்கியாச்சு.