ஜெஃபர் இயங்குதளம்: ஓயாமல் மாறும் மூலநிரலோடு ஆறு ஆண்டுகள்

சிறு மின்னணுக் கருவிகளில் ஓடும் ஜெஃபர் என்னும் திறந்தமூல நிகழ்நேர இயங்குதளத்தை, 2019 ஏப்ரலில் வெளியான 1.14 பதிப்பிலிருந்து எங்கள் சிறு குழு பயன்படுத்தி வருகிறது. குளிர்பதனக் கிடங்குகளில் பொருத்தப்பட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிந்து, ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் பேட்டரிக் கருவி எங்களுடையது. அதனுள் இருப்பது என்ஆர்எஃப்52840 சில்லு. 1 எம்பி ஃப்ளாஷ், 256 கேபி ராம். ஜெஃபரை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே முதலில் சொல்வது ஒரே கவலைதான்: "அதன் மூலநிரல் தினமும் மாறுகிறதாமே, ஒரு பொருளை அதன்மேல் நம்பி எப்படிக் கட்டுவது?" கவலை நியாயமானது. ஆகவே வசதிகளைப் பட்டியலிடாமல், அந்த மாற்றங்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் இயோனிக் சிஸ்டம்ஸ் உருவாக்கிய விர்ச்சுவோசோ என்னும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2001இல் விண்ட் ரிவர் நிறுவனத்துக்குக் கைமாறி, பிறகு ராக்கெட் என்ற பெயர் பெற்று, 2016 பிப்ரவரியில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஜெஃபராக அறிவிக்கப்பட்டது. உரிமம் அப்பாச்சி 2.0. கெர்னல் இதில் ஒரு சிறு பகுதிதான்; டிரைவர்கள், ப்ளூடூத் அடுக்கு, நெட்வொர்க் அடுக்கு, கோப்பு முறைமை, நூற்றுக்கணக்கான போர்டுகளின் (மின்சுற்றுப் பலகைகளின்) விவரங்கள் என எல்லாம் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்கின்றன. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் மற்றொரு நிகழ்நேர இயங்குதளத்தோடு இதை ஒப்பிட்டு, "அது அமைதியாக இருக்கிறது, இது மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறது" என்று கேட்பது சரியாகாது. ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலின் உயிர்நாடி விரல்விட்டு எண்ணக்கூடிய சில கோப்புகளில் அடங்கிவிடும். டிரைவர்களை நாம்தான் கொண்டுவர வேண்டும், அங்கே நேரும் மாற்றங்களின் சுமையும் நம்முடையதே. ஜெஃபர் அந்தச் சுமையைத் தன் மரத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் மெயின் கிளையில் (வளர்ச்சி நடக்கும் முதன்மைப் பிரதியில்) கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், நாள் தவறாமல் கொட்டுகின்றன.

மாற்றங்களின் தரத்தை அளக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மாற்றம் என் நிரலை உடைத்தால், அது எனக்குச் சொல்லிவிட்டு உடைக்கிறதா, சொல்லாமல் உடைக்கிறதா? இதற்கு ஜெஃபர் தந்த மிகச் சிறந்த பதில் 2020இல் வந்த 2.3 பதிப்பு. அதற்கு முன்பு, காத்திருக்கும் நேரத்தை எல்லா கெர்னல் சார்புகளுக்கும் (ஃபங்ஷன்களுக்கும்) வெறும் முழு எண்ணாகவே கொடுத்தோம். ஸ்லீப் சார்புக்கு 100 என்று எழுதினால் 100 மில்லிவிநாடி. மைக்ரோவிநாடிக் கணக்கிலும் டிக் (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) கணக்கிலும் காத்திருக்கும் வசதி வேண்டும் என்று முடிவானபோது, அந்த எண்ணின் பொருளை மட்டும் சத்தமில்லாமல் டிக் என்று மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், விநாடிக்கு 32768 டிக் ஓடும் எங்கள் சில்லில், 100 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டிய சென்சார் வாசிப்பு சுமார் 3 மில்லிவிநாடியிலேயே நடந்திருக்கும். சென்சார் இன்னும் அளந்து முடித்திராது. பழைய மதிப்பையே திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கும். கிடங்கின் குளிர் போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அவர்கள் அதைச் செய்யவில்லை. நேரத்தை ஒரு ஸ்ட்ரக்ட் வகையாக, அதாவது வெறும் எண்ணோடு ஒட்டாத தனித் தரவு வகையாக, மாற்றிவிட்டார்கள். முழு எண்ணைக் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) நின்று, வகை பொருந்தவில்லை என்று வரி எண்ணோடு சொன்னது. முடிவில்லாமல் காத்திரு என்பதற்கான மாறிலியை நேரடியாக ஒப்பிட்டிருந்த வரிகள்கூடத் தப்பவில்லை. அதற்கென்று தந்த ஒப்பீட்டு மேக்ரோவுக்கு மாற்றிய பிறகே கம்பைல் ஆயின. உடனே மாற முடியாதவர்களுக்காகப் பழைய வகையைத் தற்காலிகமாகத் தக்கவைக்கும் ஒரு கேகான்ஃபிக் (பில்ட் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை) தெரிவையும் வைத்திருந்தார்கள். எங்கள் நிரலில் திருத்த வேண்டிய இடங்களை எண்ணிப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் திருத்தி முடித்த மாலையில், ஓர் இடம்கூட விட்டுப்போகவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. நிரல் எழுதுகிறவருக்கு அந்த நிச்சயம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அதே ஆண்டில் வந்த 2.2 பதிப்பின் ஜிபிஐஓ (சில்லின் பொதுப்பயன் பின்கள்) மாற்றமும் இதே ஒழுக்கத்தைக் காட்டியது. ஒரு பின்னுக்கு 1 என்று எழுதினால் மின்னழுத்தம் உயர வேண்டும் என்பது பழைய பொருள். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ்ட்ரீயில் ஆக்டிவ் லோ (மின்னழுத்தம் தாழும்போது இயங்குவது) என்று குறித்திருந்தால் 1 என்பது "இயக்கு" என்றே கொள்ளப்பட வேண்டும் என்பது புதிய பொருள். பொருள் மாறியபோது சார்பின் பெயரையும் மாற்றினார்கள். பழைய பெயர் பழைய பொருளோடு சிலகாலம் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே வாழ்ந்து, பிறகு விடைபெற்றது. ஒரே பெயருக்குள் இரண்டு பொருள் குடியிருக்க விடவில்லை.

மரம் முழுவதையும் தொடும் பெரிய மாற்றங்களுக்கு அவர்கள் கூடவே ஒரு ஸ்கிரிப்டும் எழுதித் தருவது பாராட்டத்தக்கது. 2022இல் 3.1 பதிப்பில் ஹெடர் கோப்புகள் அனைத்தும் ஜெஃபர் என்னும் பெயர்வெளிக்குள் சென்றபோது, இன்க்ளூட் வரிகளைத் திருத்தும் பைத்தான் ஸ்கிரிப்ட் மரத்திலேயே இருந்தது. சில்லுப் பின்களின் அமைப்புகள் பின்கன்ட்ரோல் என்னும் முறைக்கு நகர்ந்தபோது எங்கள் சில்லு வரிசைக்கென்றே ஒன்று கிடைத்தது. கையால் செய்திருந்தால் இரண்டு நாள் பிடித்திருக்கும் வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஏபிஐ (நிரல்கள் அழைக்கும் இடைமுகம்) ஒன்றைக் கைவிடுவதென்றால், கைவிடப்படுகிறது என்று அறிவித்த பிறகும் குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு அது உயிரோடு இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. விதி தாளில் மட்டும் இருக்கவில்லை. நாங்கள் சார்ந்திருந்த ஏபிஐகள் எச்சரிக்கை காட்டிய பிறகே மறைந்தன.

ஆனால் ஸ்கிரிப்ட்டாலும் முழுமையாகத் தீராத மாற்றம் ஒன்று உண்டு. 2024 ஜூலையில் வந்த 3.7 பதிப்பில் இடம்பெற்ற புதிய வன்பொருள் மாதிரியைச் சொல்கிறேன். அதுவரை போர்டுகள் ஆர்ம், ரிஸ்க்-வி என்று ப்ராசசர் கட்டமைப்பின்படி பிரிந்திருந்தன. ஒரே சில்லில் இருவேறு கட்டமைப்புக் கோர்கள் இருக்கும் காலத்தில் அந்தப் பிரிவு செல்லுபடியாகாது. ஆகவே போர்டுகளை நிறுவனவாரியாக அடுக்கி, போர்டு, சில்லு, கோர் என்று சாய்கோடு இட்டுப் பிரித்து எழுதும் புதிய பெயர்முறையைக் கொண்டுவந்தார்கள். காரணம் முழுக்க நியாயமானது. மரத்துக்குள் இருந்த போர்டுகளை அவர்களே மாற்றிக்கொண்டார்கள். மரத்துக்கு வெளியே தங்கள் சொந்த போர்டுகளை வைத்திருந்தவர்கள்தான் உண்மையில் உழைக்க வேண்டியிருந்தது. எங்கள் துணைக் கருவி ஒன்றுக்கு ரேடியோ மாட்யூல் தரும் ஒரு நிறுவனம், தன் போர்டு கோப்புகளைப் பழைய மாதிரியிலேயே நிறுத்தி வைத்திருந்தது. புதியது எப்போது வரும் என்று கேட்டு எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. முடிவில் நாங்களே உட்கார்ந்து மாற்றினோம். ஒன்றரை வாரம் போயிற்று. மரத்துக்கு வெளியே எதையாவது வைத்திருப்பதன் விலை என்ன என்பதை அந்த ஒன்றரை வாரத்தில் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு வாங்கும் எந்த மாட்யூலுக்கும், அதன் ஆதரவு மெயின் கிளையில் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறோம்.

என் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது கம்பைலர் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களைப் பற்றியது. கேகான்ஃபிக் தெரிவுகளின் இயல்பு மதிப்பு மாறும்போது எந்த வரியும் உடைவதில்லை. நாம் ஒரு எழுத்தும் மாற்றாமலே பொருள் வேறாகிவிடுகிறது. 2023இன் 3.5 பதிப்பில், பெரும்பாலான இலக்குகளுக்கு இயல்பான சி நூலகம், திட்டத்தின் சொந்தச் சிறு நூலகத்திலிருந்து பிகோலிப்சிக்கு மாறியது. வெளியீட்டுக் குறிப்பில் அதைப் பக்கவிளைவுகளோடு தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதைப் படிக்காமல் பதிப்பை மட்டும் உயர்த்தியவருக்கோ எல்லாம் கம்பைல் ஆகும், டெஸ்ட்டும் ஓடும். ஆனால் ஃப்ளாஷில் இமேஜ் பிடிக்கும் இடமும், மேலாக் (நினைவகம் ஒதுக்கும் சார்பு) ராமை எடுத்துக்கொள்ளும் விதமும் வேறாக இருக்கும். நான் மாற்றத்தைக் குறை சொல்லவில்லை. பிகோலிப்சி முன்னதைவிட நிறைவான நூலகம். இத்தகைய மாற்றங்கள் பில்ட் செய்யும்போதே ஒருமுறையாவது எச்சரிக்கை காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நேர வகையை மாற்றியபோது காட்டிய அதே அக்கறையை இயல்பு மதிப்புகளிலும் காட்டினால், இந்த மதிப்புரையின் குறைப்பகுதி பாதியாகிவிடும்.

அதுவரைக்கும் நாங்கள் கடைப்பிடிக்கும் வழி எளியது. பில்ட் கோப்புறையில் உருவாகும் இறுதிக் கான்ஃபிக் கோப்பையும், ஓவர்லேக்கள் (நாம் சேர்க்கும் கூடுதல் விவரங்கள்) எல்லாம் சேர்ந்த இறுதி டிவைஸ்ட்ரீக் கோப்பையும் ஒவ்வொரு பதிப்புக்கும் சேமித்து வைக்கிறோம். பதிப்பு உயரும்போது பழையதையும் புதியதையும் டிஃப் எடுத்து (வேறுபாடுகளைப் பட்டியலிட்டு), மாறிய ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் காரணம் எழுத வேண்டும். கூடவே ராம், ஃப்ளாஷ் பயன்பாட்டு அறிக்கைகளையும் ஒப்பிடுகிறோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் எங்களுக்குக் கம்பைலர் சொல்லாத செய்திகள் அனைத்தும் இந்த டிஃப்பில்தான் அகப்பட்டன.

சத்தம் போடும் மாற்றங்கள் எங்கள் தவற்றையே காட்டிக்கொடுத்த நாளும் உண்டு. டிவைஸ்ட்ரீயில் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று இருக்கும் கருவிகள் அதே வரிசையில்தான் துவங்குகின்றனவா என்று பில்ட் நேரத்தில் சரிபார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். எங்கள் பில்ட் அன்று நின்றுவிட்டது. பார்த்தால், நாங்கள் எழுதிய சென்சார் டிரைவர், தான் சார்ந்திருக்கும் ஐ2சி பஸ்ஸுக்கு (சென்சாரைச் சில்லோடு இணைக்கும் தடத்துக்கு) முன்பே துவங்கும்படி முன்னுரிமை எண் கொடுத்திருந்தோம். குளிர்ந்த நிலையில் கருவியைப் போட்டால் எப்போதோ ஒருமுறை முதல் வாசிப்பு தவறுகிறது என்று களத்திலிருந்து வந்துகொண்டிருந்த, எங்களால் எங்கள் மேசையில் ஒருமுறைகூட நிகழ்த்திக் காட்ட முடியாத புகாருக்கு அங்கே விடை கிடைத்தது.

மாற்றங்கள் உள்ளே வரும் வழியையும் சொல்ல வேண்டும். சாதாரணமான ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) குறைந்தது இரண்டு வேலைநாட்களாவது திறந்திருந்து, இருவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். கமிட் ஒவ்வொன்றிலும் எழுதியவரின் கையொப்ப வரி இருக்க வேண்டும். ட்விஸ்டர் என்னும் டெஸ்ட் கருவி எமுலேட்டர்களில் ஓடித் தேற வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு கமிட்டும் தனித்தனியே பில்ட் ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதுதான் இவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால், பிழை புகுந்த கமிட்டைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கிட் பைசெக்ட் எந்த இடத்திலும் சிக்குவதில்லை. ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒன்றைப் பத்து முறை பில்ட் செய்து பிடித்துவிடலாம்.

இனி, எந்தப் பதிப்பில் நிற்பது என்ற கேள்வி. எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவு வெளியீடுகள் 1.14, 2021 அக்டோபரில் 2.7, 2024 ஜூலையில் 3.7 என்று வந்திருக்கின்றன. அவற்றுக்குள் பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் மட்டுமே செல்லும். நாங்கள் முதலில் 1.14இலேயே அமர்ந்திருந்து, 2.7க்கு ஒரே தாவாகத் தாவினோம். ஜிபிஐஓ, நேர வகை, புதிய டிவைஸ்ட்ரீ மேக்ரோக்கள், முழு எண் வகைகளுக்கு சி99 பெயர்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எந்த மாற்றத்தால் எது உடைந்தது என்றே பிரித்துப் பார்க்க முடியாமல் நான்கு மாதம் திணறினோம். 2.7இலிருந்து 3.7க்குப் போனது வேறு விதம். விற்கும் பொருள் 2.7இலேயே நிற்க, பக்கத்தில் ஒரு கிளையை மெயினோடு வாராவாரம் ஓட்டி வந்தோம். வெஸ்ட் மேனிஃபெஸ்ட்டில் (எந்த மூலநிரலை எடுப்பது என்று குறிக்கும் கோப்பில்) ஒரு கமிட் எண்ணை மாற்றுவது, பில்ட் செய்வது, உடைந்ததைத் திருத்துவது. பெரும்பாலான வாரங்களில் உடைய ஒன்றும் இருக்காது, மற்ற வாரங்களில் அரை மணி நேரம். 3.7 வெளியான மறுநாளே எங்கள் கிளை அதில் ஓடிக்கொண்டிருந்தது.

எனவே, வாரத்துக்கு அரை நாளை இதற்கென்று ஒதுக்கக்கூடிய ஒருவராவது குழுவில் இருந்தால், ஜெஃபரைத் தயங்காமல் எடுங்கள். அப்படி யாரும் இல்லாமல், ஒருமுறை எழுதிப் பத்தாண்டு தொடாமல் வைக்கும் எளிய கருவி என்றால், இரண்டு மூன்று திரெட்டும் ஒரு யுஏஆர்டியும் (தொடர்வரிசை இணைப்பும்) போதும் என்றால், ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸே போதும். ஜெஃபரின் டிவைஸ்ட்ரீயையும் கேகான்ஃபிக்கையும் கற்கும் உழைப்பு அங்கே வீண். எல்டிஎஸ் அல்லாத ஓர் இடைப்பதிப்பில் ஏறி, அதிலேயே ஆண்டுக்கணக்கில் அமர்ந்துவிடுவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

3.7க்குப் பிறகு 2024 நவம்பரில் 4.0, 2025 மார்ச்சில் 4.1, ஜூலையில் 4.2 என்று வெளியீடுகள் வந்துவிட்டன. கிடங்குகளில் இருக்கும் எங்கள் கருவிகள் 3.7இல் ஓடுகின்றன, பக்கத்துக் கிளை மெயினோடு போய்க்கொண்டிருக்கிறது. சென்ற திங்கட்கிழமை கமிட் எண்ணை உயர்த்தியபோது பில்ட் சுத்தமாக முடிந்தது, டிஃப்பில் மட்டும் நான்கு வரிகள் மாறியிருந்தன. மூன்றுக்குக் காரணம் எழுதிவிட்டோம். நான்காவது, நாங்கள் கையால் எங்கும் குறித்திராத ஒரு ஸ்டேக் நினைவக அளவு. இந்த வாரம் அதைப் பார்க்க வேண்டும்.