ஃபிஜியும் பயோ-ஃபார்மட்ஸ் இம்போர்ட்டரும்: மைக்ரோஸ்கோப் ஃபைலைத் திறக்க நம்பலாமா?

கன்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பின் கணினியில் பளிச்சென்று தெரிந்த படம், அதே ஃபைலாக வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் ஃபோட்டோஸில் முழுக் கறுப்பு. ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் திறந்தால் தேவைக்கு மேல் வெளிச்சம். பவர்பாயின்ட்டில் ஒட்டினால் நிறமே வேறு. "எந்தப் படம் உண்மை?" என்று ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: ஃபைலுக்குள் இருக்கும் எண்கள் மாறவில்லை, அவற்றைத் திரையில் காட்டும் விதம்தான் மாறியிருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட இலவசமாகக் கிடைப்பவற்றில் ஃபிஜியும், மைக்ரோஸ்கோப் ஃபைல்களைத் திறக்க அதனுள் வரும் பயோ-ஃபார்மட்ஸ் இம்போர்ட்டரும்தான் முதல் தேர்வு. ஆனால் அதன் தொடக்க அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டால் அதுவே குழப்பத்துக்குக் காரணமாகிவிடும்.

ஃபிஜியின் அடிப்படையான இமேஜ்ஜே, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் (என்.ஐ.எச்.) வேய்ன் ராஸ்பாண்ட் உருவாக்கியது. அதோடு தேவையான பிளகின்களை (கூடுதல் கருவிகளை) முன்கூட்டியே சேர்த்துத் தரும் தொகுப்புதான் ஃபிஜி. பயோ-ஃபார்மட்ஸ், ஓப்பன் மைக்ரோஸ்கோபி என்விரான்மென்ட் (ஓ.எம்.இ.) கூட்டமைப்பின் படைப்பு. மைக்ரோஸ்கோப் நிறுவனங்களான ஸைஸின் சி.இசட்.ஐ., லைக்காவின் எல்.ஐ.எஃப்., நிக்கானின் என்.டி.2, ஒலிம்பஸின் வி.எஸ்.ஐ. உட்பட 150க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஜிப்பை விரித்தால் போதும். ஒன்று மட்டும்: 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத அனுமதி கிடைக்காமல் அப்டேட் தடைபடும். மைக்ரோஸ்கோப்பின் மென்பொருள் புதிய பதிப்புக்குப் போனதும் பழைய பயோ-ஃபார்மட்ஸ் அந்த ஃபைலைத் திறக்க மறுப்பதோ சேனல்களை (ஒவ்வொரு சாயத்துக்கும் தனியாக எடுத்த படங்களை) குழப்புவதோ நடக்கும். அப்போது முதலில் செய்ய வேண்டியது 'ஹெல்ப் > அப்டேட்'.

கறுப்புப் படத்தின் கணக்கு எளிது. பல கேமராக்களும் டிடெக்டர்களும் 12 பிட்டில் அளக்கின்றன, அதாவது 0 முதல் 4095 வரை. ஆனால் ஃபைல் 16 பிட் பெட்டியாக இருக்கும், அதில் 65535 வரை இடம் உண்டு. சாதாரணப் படக்காட்டி 65535-ஐ வெள்ளையாக வைத்துக்கொள்வதால், உங்கள் படத்தின் மிகப் பிரகாசமான புள்ளிகூட முழு வெள்ளையில் சுமார் 6 சதவீதத்தில்தான் நிற்கும். கண்ணுக்குக் கறுப்பு. ஃபைல் கெடவில்லை, மறுபடி படமெடுக்கவும் வேண்டாம்.

ஃபிஜியில் இதற்கு நேர்மாறு. இம்போர்ட்டர் சன்னலில் 'ஆட்டோஸ்கேல்' டிக் செய்திருந்தால், அந்த ஃபைலில் உள்ள மிகக் குறைந்த மதிப்பைக் கறுப்பாகவும் மிக அதிக மதிப்பை வெள்ளையாகவும் வைத்து நீட்டிக் காட்டும். பிக்சல் மதிப்புகளைத் தொடாது. ஒரே ஃபைலுக்குள் இருக்கும் இசட்-ஸ்டாக்குக்கும் (வெவ்வேறு ஆழத்தில் எடுத்த படவரிசை) நேரத்தொடருக்கும் இது நல்லது, ஏனெனில் முழு ஸ்டாக்குக்கும் ஒரே வரம்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிக்கல் இரண்டு ஃபைல்களை ஒப்பிடும்போது. மருந்து கொடுக்காத கன்ட்ரோல் செல்களின் உச்சம் 900, மருந்து கொடுத்த செல்களின் உச்சம் 3600 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஆட்டோஸ்கேலில் திறந்தால் இரண்டும் ஒரே பிரகாசம். நான்கு மடங்கு வித்தியாசம் திரையிலிருந்து காணாமல் போய்விடும். இதைப் பார்த்து 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டுவது மிக எளிது.

இதற்கான வழி: படங்களைத் திறந்து, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தி, பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் சன்னலில் 'செட்' பட்டனுக்குப் போங்கள். குறைந்த மதிப்பு, உயர்ந்த மதிப்பு இரண்டையும் எண்ணாகவே தாருங்கள், உதாரணமாக 100, 3600. 'திறந்திருக்கும் மற்றப் படங்களுக்கும் பொருத்து' என்ற பொருளில் உள்ள பெட்டியையும் டிக் செய்யுங்கள். அதே சன்னலில் 16 பிட் படங்களுக்கான வரம்பை 12 பிட், 14 பிட் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. பல சேனல் படமென்றால் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நியூக்ளியஸைக் காட்டும் டாபி சாயத்துக்குக் கொடுத்த வரம்பு, பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்துக்குப் பொருந்தாது. கொடுத்த எண்களைக் குறித்து வையுங்கள், கட்டுரையின் படவிளக்கத்தில் அவைதான் தேவைப்படும்.

அந்தச் சன்னலிலேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 'ஆட்டோ' பட்டன் ஒரு நிலையான அமைப்பு அல்ல. அடுத்தடுத்து அழுத்தினால் மேலும் மேலும் கூடுதலாக நீட்டும். படத்தில் ஏதாவது ஒரு பகுதியைத் தேர்வு செய்திருந்தால் அந்தப் பகுதியை வைத்தே கணக்கிடும். அதனால் ஒருவர் ஒருமுறை அழுத்திய படமும் இன்னொருவர் மூன்றுமுறை அழுத்திய படமும் ஒப்பிடத் தக்கவை அல்ல. இரண்டாவது, 'அப்ளை'. அதுவரை காட்சி மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது. அப்ளை அழுத்தியதும் பிக்சல் மதிப்புகளே மாறிவிடும். அளவெடுக்க வேண்டிய படத்தில் அதைத் தொடவே கூடாது.

இதைவிட அதிகம் கேடு செய்வது '8 பிட்' மாற்றம். 'இமேஜ் > டைப் > 8-பிட்' கட்டளை அப்போது திரையில் இருக்கும் வரம்பை எடுத்து 0 முதல் 255 வரை அடுக்கும். மேலே சொன்ன 900, 3600 படங்களை ஆட்டோஸ்கேல் நிலையிலேயே 8 பிட்டாக்கினால் இரண்டிலும் உச்சம் 255. இப்போது வித்தியாசம் திரையிலிருந்து மட்டுமல்ல, ஃபைலிலிருந்தே போய்விட்டது. சேமித்தபின் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அளவீடு எல்லாம் முடிந்த பிறகு, எல்லாப் படங்களுக்கும் ஒரே வரம்பைக் கொடுத்துவிட்டு, கட்டுரைக்கான நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

"ஃபிஜியில் சரிசெய்து டிஃப்பாகச் சேமித்தேன், மற்றவர் கணினியில் மறுபடி கறுப்பாகத் தெரிகிறது" என்பதும் வழக்கமான புகார். இமேஜ்ஜே தன் காட்சி வரம்பையும் நிறப்பட்டியலையும் (எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்பதை) டிஃப் (TIFF) ஃபைலுக்குள் தனக்கே உரிய முறையில் எழுதி வைக்கிறது. மறுபடி ஃபிஜி திறந்தால் அதே தோற்றம் வரும். மற்ற மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. காட்டுவதற்கென்றால் வரம்பை நிர்ணயித்தபின் 'ஆர்.ஜி.பி. கலர்' ஆக்கி பி.என்.ஜி.-யாகச் சேமியுங்கள். அது எங்கும் ஒரே மாதிரி தெரியும். ஜேபெக் வேண்டாம்: 8 பிட், தகவல் இழப்பு, விளிம்புகளில் கட்டம் கட்டமாகக் கறை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 4 ஜிபிக்கு மேலான ஸ்டாக்கை இமேஜ்ஜே தன் வழக்கப்படி டிஃப்பாக எழுதினால், முதல் படத்துக்கான தலைப்பை மட்டும் எழுதிவிட்டு மீதியை வரிசையாகக் கொட்டிவிடும். ஃபிஜியில் ஸ்டாக்கின் 300 தளமும் (தனித்தனிப் படமும்) திறக்கும். மற்றவற்றில் ஒரே ஒரு தளம். அப்படிப்பட்ட ஸ்டாக்கைப் பிறருக்கு அனுப்புவதென்றால் பயோ-ஃபார்மட்ஸ் எக்ஸ்போர்ட்டர் வழியாக ஓ.எம்.இ.-டிஃப்பாக அனுப்புவதே முறை. அதைத் திறப்பவரும் இழுத்துப்போடாமல் 'பிளகின்ஸ் > பயோ-ஃபார்மட்ஸ்' வழியாகவே திறக்க வேண்டும். இழுத்துப்போட்டால் இமேஜ்ஜேயின் சொந்த டிஃப் வாசிப்பான் முந்திக்கொண்டு, சேனல், ஆழம், நேரம் என்ற அடுக்கைக் கலைத்து ஒரே நீள வரிசையாகக் காட்டிவிட வாய்ப்புண்டு.

நிறுவனங்களின் சொந்த மென்பொருளில் தெரிவதோடு ஒத்துப்போகாததற்குக் காமாவும் (மங்கலான பகுதிகளை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்ற அமைப்பு) காரணம். ஸைஸின் ஜென் மென்பொருளில் காட்சிக் காமாவை மாற்றலாம், 0.45 என்ற தயார்நிலை மதிப்பும் உண்டு. காமா 0.45-இல் வரம்பின் 10 சதவீதத்தில் இருக்கும் மங்கலான பிக்சல் திரையில் 35 சதவீதம் போலத் தெரியும். பின்னணி தூக்கிக் காட்டும், மெல்லிய நரம்பிழைகூடப் பளிச்சிடும். ஃபிஜி அந்தக் காமாவைப் பின்பற்றாமல் நேர்கோடாகவே காட்டும். அதனால் 'ஃபிஜியில் சிக்னல் குறைகிறது' என்று தோன்றும். ஒப்பிடுவதற்கு முன் ஜென்னில் காமாவை 1.0 ஆக்குங்கள். ஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயத்தில் எடுத்த) படத்துக்கு 1.0-ஐத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வண்ணக் கேமராவில் எடுத்த ஹெச்.&இ. சாயமிட்ட திசு ஸ்லைடு என்றால் கதை வேறு.

நிறம் மாறுவது பெரிய விஷயமல்ல. இம்போர்ட்டரில் கலர் மோடு 'கம்போசிட்' என்றால் சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று, 'கலரைஸ்டு' என்றால் வரிசைப்படி சிவப்பு, பச்சை, நீலம், 'கிரேஸ்கேல்' என்றால் நிறமே இல்லை. முதல் சேனலில் டாபி இருந்தால் 'கலரைஸ்டு' அதைச் சிவப்பாக்கிவிடும். சாயம் மாறவில்லை, காட்டும் வண்ணம்தான் மாறியது. நுணுக்கம் பார்க்கக் கிரேஸ்கேல் சிறந்தது. நீலம் கண்ணுக்கு எப்போதும் மங்கல்தான்.

படம் தலைகீழ் வெளிச்சத்தில், அதாவது கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் வந்தால் டிஃப்பில் '0 என்றால் வெள்ளை' என்று எழுதப்பட்டிருக்கலாம், அல்லது நிறப்பட்டியல் தலைகீழாகியிருக்கலாம். மாஸ்க் படங்களில் (செல்லையும் பின்னணியையும் இரு நிறமாகப் பிரித்தவை) இது சகஜம். கர்சரை வைத்து மதிப்பைப் பாருங்கள். திரையின் கறுப்பை நம்பி எண்ண ஆரம்பித்தால் பின்னணியை எண்ணிவிடுவீர்கள்.

அளவுகோல் விஷயத்தில் இம்போர்ட்டர் நன்றாகவே செய்கிறது. மூல ஃபைலைத் திறந்தால் பிக்சல் அளவு மைக்ரானில் தானாக வரும், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்திப் பார்க்கலாம். அதே படம் ஃபோட்டோஷாப் வழியாக 300 டிபிஐ டிஃப்பாக வந்திருந்தால், 1024 பிக்சல் அகலப் படம் 3.41 இஞ்ச் என்று நிற்கும். செல் நியூக்ளியஸ் இஞ்ச்சில் அளக்கப்பட்டிருந்தால் காரணம் இதுதான். மூல ஃபைலிலிருந்து பிக்சல் அளவை எடுத்து அதே சன்னலில் தட்டச்சு செய்யுங்கள், ஆனால் இடையில் யாரும் படத்தைச் சுருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு.

பென்டிரைவில் நகலெடுப்பதில் நடக்கும் கோளாறு இன்னொரு ரகம். வி.எஸ்.ஐ. என்பது தனி ஃபைல் அல்ல. உண்மையான பிக்சல்கள், அதே பெயரின் இருபுறமும் அடிக்கோடு போட்ட கோப்புறைக்குள் ஈ.டி.எஸ். ஃபைல்களாக இருக்கும். சில எம்பி அளவுள்ள வி.எஸ்.ஐ.-யை மட்டும் எடுத்துவந்தால் சிறு முன்னோட்டப் படம்தான் திறக்கும், 'ஃபிஜி தரத்தைக் குறைக்கிறது' என்ற பழி வரும். ஒலிம்பஸ் ஓ.ஐ.எஃப்.-க்கும் இதேபோல் கூடவே ஒரு கோப்புறை உண்டு. ஓ.ஐ.பி. என்றால் எல்லாம் ஒரே ஃபைலில். நகலெடுத்தபின் ஃபைலின் பெயரை மாற்றினாலும் கோப்புறையோடு தொடர்பு அறும்.

ஸ்லைடு ஸ்கேனர் ஃபைல்களில் இம்போர்ட்டர் தடுமாறுகிறது. ஒரே ஸ்லைடு பல 'சீரீஸ்'களாக வரும்: முதலாவது முழுத் தெளிவு, அடுத்தவை படிப்படியாகச் சிறியவை, கடைசியில் லேபிள் படமும் மேலோட்டப் படமும். இருவர் வேறு வேறு சீரீஸைத் திறந்துவிட்டு 'உன்னுடையது மங்கல்' என்று வாதிடுவதைக் காணலாம். முழுத் தெளிவைத் திறக்கப் பார்த்தால் 2 ஜிபிக்கு மேலான தளத்தை ஒரே தடவையில் எடுக்க முடியாது என்று பிழை வரும். 40,000க்கு 30,000 பிக்சல் வண்ணப் படம் 3.6 ஜிபி, ஆகவே திறக்காது. 'கிராப் ஆன் இம்போர்ட்' மூலம் துண்டாக எடுக்கலாம். ஆனால் ஸ்லைடு வேலைக்குக் கியூபாத்தான் சரியான இடம். பெல்ஃபாஸ்டில் தொடங்கி இப்போது எடின்பரோவில் வளரும் இலவச மென்பொருள் அது. ஃப்ளூரசன்ஸ் என்றால் அங்கும் வரம்பைத் தானே கணித்துக் காட்டும். ஷிஃப்ட்+சி அழுத்தி எண்ணை நீங்களே கொடுங்கள்.

சிறிதாக்கிப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிவதும், மெல்லிய இழை அறுந்ததுபோல் காட்டுவதும் ஃபிஜியின் பழக்கம். 100 சதவீதத்துக்குக் கீழே அது பிக்சல்களைச் சராசரி எடுக்காமல் இடைவிட்டுப் பொறுக்கிக் காட்டுகிறது. அமைப்புகளில் 'இன்டர்போலேட்' பெட்டியை டிக் செய்தால் மிருதுவாகும். எதையும் முடிவு செய்வதென்றால் 100 சதவீதத்தில் பாருங்கள்.

குழப்பம் வந்தால் தோற்றத்தைப் பற்றி விவாதிப்பதை விட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே பிக்சலின் மேல் கர்சரை வைத்து இரு மென்பொருளிலும் மதிப்பைக் குறியுங்கள், பிறகு ஹிஸ்டோகிராமில் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) குறைந்தது, அதிகம், சராசரி மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தரவு சரி, வெறும் காட்சி வேறுபாடுதான். ஒன்றில் அதிகபட்சம் 255 என்றால் வழியில் யாரோ 8 பிட்டாக்கிவிட்டார்கள். 4095-இல் ஒரு பெரிய தூண் எழுந்து நின்றால் படமெடுக்கும்போதே சாச்சுரேட் ஆகிவிட்டது (அளக்கக்கூடிய உச்சத்தை வெளிச்சம் தாண்டிவிட்டது), எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அதிகபட்சம் 65520 ஆகவும் மதிப்புகள் 16-இன் மடங்குகளாக மட்டுமே இடைவெளிவிட்டும் இருந்தால், 12 பிட் தரவை யாரோ 16-ஆல் பெருக்கிச் சேமித்திருக்கிறார்கள். வகுத்துக்கொண்டால் பழைய மதிப்பு வந்துவிடும்.

நிறுவனங்களின் இலவசப் பார்வையிகளான ஜென் லைட் (ஸைஸ்), லாஸ்-எக்ஸ் ஆபிஸ் (லைக்கா), என்.ஐ.எஸ்.-எலிமென்ட்ஸ் வியூவர் (நிக்கான்) ஆகியவற்றை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அவரவர் வடிவத்தை அவரவர் மென்பொருள்தான் குறையில்லாமல் படிக்கும், படமெடுத்தபோது இருந்த தோற்றமும் அங்கேயே கிடைக்கும். எக்ஸ்போஷர், லேசர் அளவு போன்ற விவரங்களையும் அங்கே பார்ப்பது எளிது. ஃபிஜியில் 'டிஸ்ப்ளே மெட்டாடேட்டா' டிக் செய்தால் அதே விவரம் வரும், ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளாக. இரண்டு நிறுவனங்களின் மைக்ரோஸ்கோப்பை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு ஃபிஜிதான் நடைமுறைக்கு ஏற்ற வழி.

இம்போர்ட்டரில் இன்னும் ஒரு பெட்டி: 'ஒத்த பெயருள்ள ஃபைல்களைத் தொகு'. டிக் செய்யாமலே விடுங்கள். ஒரே கோப்புறையில் 1, 2, 3 என்று முடியும் பெயர்கள் இருந்தால் சம்பந்தமில்லாத மூன்று செல்களை ஒரே ஸ்டாக்காக்கி, மூன்று நேரப் புள்ளிகள் என்று காட்டும். நெட்வொர்க் டிரைவில் இருந்தால் முழுக் கோப்புறையையும் தேடிக்கொண்டே நேரத்தைத் தின்னும்.