நீல ஃபைல்: டர்பனில் வீட்டுக்கு வந்த ஹாஸ்பிஸ்

கடைசிக் காலத்தில் என் மாமியாரை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்கு ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று நடுராத்திரி ஃபோனுக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஹாஸ்பிஸ் என்று பெயர் எழுதவில்லை. நன்கொடையிலும் பழைய சாமான் கடை வருமானத்திலும் ஓடுகிற இடம். குறை சொல்லிப் பெயரையும் போட்டு அவர்கள் வயிற்றில் அடிக்க மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி இப்படிச் சேவை செய்கிறவர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கிறார்கள். யாரைக் கூப்பிட்டாலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நாங்கள் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான் கும்பகோணத்துக்காரி, 1996-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். மாமியார் 1941-ல் டர்பன் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சித் தொழிலாளிகளின் குடியிருப்பு அது, நம் தமிழ் ஆட்கள் நிறைய. 2023-ல் அவருக்கு 82 வயது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது, சர்க்கரை வேறு. ஒரே வருஷத்தில் மூன்று தடவை மருத்துவமனை. மூன்றாவது தடவை ஐசியூவில் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்த எங்கள் குடும்ப டாக்டர்தான் ஹாஸ்பிஸுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஹாஸ்பிஸ் என்றால் கேன்சர்காரர்கள் கடைசியில் போய்ப் படுக்கிற இடம் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம், எதுவாக இருந்தாலும் பார்க்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்கே வருகிறார்கள். எங்களுக்கு வாரம் இரண்டு தடவை ஒரு சிஸ்டர் வந்தார். ஜூலு அம்மாள், ஐம்பது வயது இருக்கும். வந்ததும் "கோகோ" என்று கூப்பிட்டார். ஜூலுவில் பாட்டி என்று அர்த்தம். மாமியார் மார்க்கெட்டில் காய்கறி விற்ற காலத்து ஜூலுவில் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அன்று எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மருந்து, கட்டில், கமோட் எல்லாம் சரியாக இருந்தன. கமோடுக்கு 500 ராண்ட் முன்பணம், வேறு கட்டணம் கேட்கவில்லை, முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள். மூச்சுத்திணறலுக்குக் கொஞ்சமாக மார்ஃபின் சிரப் கொடுத்தார்கள். மார்ஃபின் என்றதும் பயந்தோம். வலிக்கு மட்டுமில்லை, திணறலுக்கும் கேட்கும் என்பதும், அதோடு மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் இந்த மதிப்புரையை எழுத வைத்தது மருந்து இல்லை. இரண்டாவது வருகையில் நடந்தது.

சிஸ்டர், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, "திரும்ப ரொம்ப மோசமானால் உங்களுக்கு என்ன வேண்டும், கோகோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தை, "பசங்க சொல்றபடி" என்றார். என் கணவரின் அண்ணன் தலையாட்டினார். அவருக்கு ஐசியூதான் வைத்தியம், மற்றதெல்லாம் கைவிடுவது. சிஸ்டர் பேனாவை மூடிவிட்டார். "அவர் மனசில் இருப்பது தமிழில்தான் வரும்" என்றார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். முடியாது என்றுவிட்டார். "நீங்கள் வீட்டு ஆள். வெளியாள் வேண்டும்."

புதன்கிழமை ஒரு அம்மாவை அழைத்துவந்தார். எழுபது வயதுத் தொண்டர், ரிட்டயர்டு டீச்சர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ். எங்களையெல்லாம் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். சுவர் மெல்லியது, சாட்ஸ்வொர்த் வீடுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். எல்லாம் கேட்டது.

"என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகக்கூடாது. வாயில குழா வேணாம். திணறுச்சுன்னா மருந்து குடுங்க. முருகன் படம் தெரியற மாதிரி கட்டிலத் திருப்பிப் போடுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பாரக்ஸ்ல இருந்து லாரில ஏத்துனப்போ எங்களை யாரும் கேக்கல. கைப்பிள்ளையோட ஏறுனேன். இன்னொருதரம் அப்படி ஏறமாட்டேன்." 1960-களில், இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி மேகசின் பாரக்ஸ்காரர்களை சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றிய கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது இந்த இடத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அந்தக் கைப்பிள்ளை அடுப்படியில் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "மூத்தவன் கேக்கமாட்டான். சின்னவன் அண்ணனுக்குப் பயப்படுவான். கையெழுத்து மருமககிட்ட இருக்கட்டும்."

இங்கேதான் ஹாஸ்பிஸின் சமூக சேவகர் வேலைக்கு வந்தார், அந்த அம்மாளுக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் 61 ஒரு வரிசை சொல்கிறது. நோயாளியால் பேச முடியாதபோது யார் சம்மதம் சொல்லலாம் என்று. எழுத்தில் நியமிக்கப்பட்டவரோ நீதிமன்றம், சட்டம் வழியாக அதிகாரம் பெற்றவரோ இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். மருமகள் அதில் எங்குமே இல்லை. இருபத்தேழு வருஷம் சோறு போட்டவள் சட்டத்துக்கு அந்நியம். ஆனால் நோயாளி தெளிவோடு இருக்கும்போது எழுதிக்கொடுத்தால் அந்த மருமகள் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்பாள். ஒரு பக்கம்தான். அத்தை இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டார்.

என் கணவர், பென்ஷன் வாங்குவதற்கு எடுத்த பவர் ஆஃப் அட்டார்னி இருக்கிறதே, அது போதாதா என்றார். போதாது. எழுதிக்கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் இந்த நாட்டில் அந்தப் பத்திரம் அன்றோடு செல்லாது. தேவைப்படும்போதுதான் செத்துப்போகும் பத்திரம்! நிறைய வீடுகளில் இதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கணவரின் அண்ணன், எங்கள் வீட்டுப் பெரியவர், விடவில்லை. "அப்போ இது ஊசி போட்டு அனுப்புற வேலையா?" என்றே கேட்டுவிட்டார். சமூக சேவகர் கோபப்படவில்லை. அது வேறு, இது வேறு என்றார். 2015-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஒரு நோயாளிக்கு டாக்டர் உதவியோடு சாக அனுமதி கொடுத்தது, 2016-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, இன்றும் அது குற்றம்தான். சிகிச்சை வேண்டாம் என்று மறுப்பது நோயாளியின் உரிமை. கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கிற லிவிங் வில்லுக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை, ஆனாலும் எழுதிவைத்ததைத் தள்ளிவிட முடியாது என்று சொல்லி, 1992-ல் இதே டர்பன் நீதிமன்றத்தில் நடந்த கிளார்க் வழக்கைச் சொன்னார். நினைவு திரும்பாமல் குழாய் வழி உணவில் கிடந்த ஒரு டாக்டர் அவர். முன்பே லிவிங் வில் எழுதிவைத்திருந்தார். உணவுக் குழாயை நிறுத்தினால் அவர் மனைவி மேல் தவறில்லை என்று நீதிபதி திரியன் தீர்ப்புச் சொன்னார். பெரியவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

எல்லாத் தாளும் ஒரு நீல ஃபைலில் போய், ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது.

இப்போது குறை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. ஆக்சிஜன் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. வெட்டு வந்தால் என்ன செய்வது, ஒரு சிலிண்டர் கொடுங்கள் என்று வியாழக்கிழமையே கேட்டேன். திங்கட்கிழமை வரும் என்றார்கள். சனிக்கிழமை இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிஷத்தில் அத்தைக்குத் திணறல். ஹாஸ்பிஸ் அவசர எண்ணை அடித்தேன், பதிவு செய்த குரல், செய்தி விடுங்கள் என்றது. திரும்பக் கூப்பிட நாற்பது நிமிஷம் ஆனது. மூச்சுக்குத் திணறுகிறவர் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து அந்த நாற்பது நிமிஷத்தை எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். இதற்குத்தான் ஒரு நட்சத்திரம் போனது, உண்மையில் ஒன்றரை போயிருக்க வேண்டும்.

அதற்குள் பெரியவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் அம்மா.

ஆம்புலன்ஸ் பையன் உள்ளே வந்ததும் நான் நீல ஃபைலை நீட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு தாள் பார்த்தான். பிறகு ஃபைலை மூடி வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அத்தையிடமே கேட்டான், ஜூலுவில். அத்தை மூச்சுக்கு நடுவில் ஒரே வார்த்தை சொன்னார்: "அங்கிஹாம்பி." நான் போகமாட்டேன். பேசத் தெரிகிறவர் இருக்கும்போது தாள் எதற்கு? அவன் ஆம்புலன்ஸிலிருந்து சிலிண்டரை இறக்கி மாட்டினான். சிஸ்டர் ஃபோனில் வந்ததும் மார்ஃபின் அளவு சொன்னார், நிமிர்த்தி உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, முகத்துக்கு நேராக விசிறச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து வந்த பனையோலை விசிறியை அன்று பெரியவர்தான் விசிறினார், கரண்ட் வரும்வரை.

சிலிண்டர் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. சிஸ்டர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டால் போதுமா என்று அன்று தோன்றியது.

பதினொரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், முருகன் படத்தைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் சாப்பாட்டைத் திணிக்க வேண்டாம், உடம்பு கேட்காது, வாயை மட்டும் ஈரமாக வைத்திருங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துளசித் தண்ணீரில் ஸ்பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். ஹாஸ்பிஸ் டாக்டர் வந்து இறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று எந்த அலைச்சலும் இல்லை.

சிறு குறைகளும் உண்டு. படிவங்கள் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் மட்டும் இருக்கின்றன. கமோடைத் திருப்பிக்கொடுக்கச் செவ்வாய், வியாழன் பன்னிரண்டு மணிக்குள்தான் போக வேண்டும், ஒருநாள் லீவு போட்டேன்.

கூப்பிடப் போகிறவர்களுக்கு: முதல் நாளே சிலிண்டர் கேளுங்கள். ஃபைலுக்கு இரண்டாவது பிரதி எடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூடிய ஆள் வீட்டிலும் ஒன்று வையுங்கள். தமிழ் பேசும் தொண்டர் வேண்டும் என்று நீங்களாகக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வதில்லை. எங்களிடம் வந்த டீச்சரம்மா புதன்கிழமை மட்டும்தான் வருவார்.