மலைநாட்டு முற்றத்தில் 8 × 42 பைனாகுலர்: நீண்டநாள் பாவித்த அனுபவம்

ஹட்டன் பக்கம் வீட்டு முற்றத்திலிருந்து குருவி பார்ப்பவர்களுக்கு 8 × 42 போதும்; 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்வில்லையின் அகலம் மில்லிமீற்றரில். 10 மடங்கு வாங்கச் சொல்லிக் கடைக்காரர்கள் வற்புறுத்துவார்கள். மாசி மாத விடியற்குளிரில் கை நடுங்கும்போது அந்த நடுக்கமும் 10 மடங்காகத்தான் தெரியும்!

பெருப்பத்தைவிட வெளிச்சம் முக்கியம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீற்றர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது. சட்டைப்பையில் அடங்கும் 8 × 25இல் 3தான் வரும். பகலில் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் குண்டுகரிச்சான் பகல் வரும்வரை காத்திருப்பதில்லையே. சவுக்கு மர உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு இருட்டு விலகுமுன்னரே பாடத் தொடங்கிவிடும். அந்த மங்கலில் அதன் வெள்ளைப் பட்டையை 42தான் காட்டித் தந்தது.

மாசி, பங்குனியில் முதலில் காதைத் தீட்ட வேண்டும், கருவி அப்புறம். தையல்சிட்டு விரல் நீளம்தான், சத்தமோ லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கக் கேட்கும். சத்தம் வரும் செடியை வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். கருவியை வைத்துக்கொண்டு தேடினால் இலைதான் தெரியும். ஆறுமணிக் குருவி காலையும் மாலையும் இரட்டை விசில் அடிக்கும். தரையில் சருகு கிளறும் பறவை என்பதால் குரல் கேட்டதும் மரத்தைப் பார்க்காமல் கீழே பாருங்கள். தென்மேல் பருவமழைக்கு முன்பே அது இந்தியாவுக்குத் திரும்பிவிடும்.

இந்தக் கருவியின் உண்மையான பயன் வெள்ளைக்கண்ணியில் தெரிந்தது. முள்முருங்கை பூத்ததும் கீச்சுக்கீச்சென்று கூட்டமாக வந்து இறங்கும். நம் மலைகளுக்கே உரிய இலங்கை வெள்ளைக்கண்ணி கரும்பச்சை. பரவலாகக் காணப்படும் மற்றதில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிப்பது கஷ்டம். இதற்காகவே 2 மீற்றர் தூரத்திலும் தெளிவாகக் காட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. எப்படியானாலும் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்; தோலுறையில் வைத்தால் ஈரம் அதிலேயே தங்கும். கூடவே வந்த கழுத்துவார் மட்டும் மகா மட்டம், அகலமான துணிவார் மாட்டிக்கொண்டேன்.