பத்துக் கேள்வியா, பன்னிரண்டு கேள்வியா?

மருத்துவமனையில் புது மென்பொருள் ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆனதும், ஊழியர்களுக்கு அதில் திருப்தியா என்று கேட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொந்தமாகக் கேள்வித்தாள் எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழகிய அளவுகோல்கள் இரண்டை எடுத்தேன். ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். (System Usability Scale; மென்பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளப்பது) ஒன்று. டால், டோர்க்சாதே இருவரும் 1988-இல் வெளியிட்ட இ.யூ.சி.எஸ். (End-User Computing Satisfaction; பயன்படுத்துபவரின் திருப்தியை அளப்பது) மற்றொன்று. இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு நான் இரண்டாவதன் பக்கம்.

எஸ்.யூ.எஸ்.ஸில் பத்தே வாக்கியங்கள்; ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்று 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். 100-க்கு ஒரே மதிப்பெண். 68-ஐச் சராசரியாகக் கொள்வது வழக்கம். வாங்கும் முன் இரண்டு மென்பொருள்களை எடைபோட இது போதும். ஆனால் வாக்கியங்களில் பாராட்டும் குறையும் மாறி மாறி வரும்; குறை சொல்லும் வாக்கியங்களுக்கு மதிப்பெண் தலைகீழாகக் கணக்காகும். இரவு ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் நர்ஸ் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 என்று டிக் அடித்தால் மதிப்பெண் 50. எல்லாவற்றுக்கும் 1 அடித்தாலும் அதே 50தான்! எங்களுக்கும் அப்படிச் சில தாள்கள் வந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வந்தது 61. சரி, அதை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்வது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இ.யூ.சி.எஸ்.ஸின் பன்னிரண்டு கேள்விகளும் ஐந்து பிரிவாக இருக்கின்றன. உள்ளடக்கத்துக்கு நான்கு, துல்லியம், வடிவம், எளிமை, நேரத்துக்குக் கிடைப்பது ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பில்லிங்காரர்களுக்கு எல்லாமே திருப்தி. வார்டுகளில் நேரம் மட்டும் தனியாகச் சரிந்திருந்தது. விசாரித்தால், லேப் முடிவுகளுக்கு ஒப்புதல் தருவதை ஒரு நாளில் இரண்டே முறை மொத்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது; நர்ஸ்கள் பழையபடி போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றவில்லை, ஒப்புதல் முறையை மாற்றினோம். மருந்தகத்தில் இடித்தது வடிவம். அச்சிட்ட சீட்டில் மருந்தின் அளவு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

இதிலும் ஓட்டை உண்டு. அறிக்கைகளைப் பார்ப்பவரை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. ஒரே விவரத்தை எத்தனை திரையில் திரும்பத் திரும்பத் தட்டுகிறீர்கள் என்று கேட்பதில்லை. டாக்டர்களிடமிருந்து பத்துத் தாள்கூடத் திரும்பவில்லை, ஆகவே அவர்கள் விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் 'வேறு ஏதாவது?' என்று நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன். எழுதிய டாக்டர்களில் பாதிப் பேர் எழுதியது ஒன்றுதான்: நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் லாகவுட் ஆகிவிடுகிறது.