பாரிமுனையில் பழைய ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுதிகள் கிடைக்கும் கடை

தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தப் பழைய சட்டப் புத்தகக் கடை. போர்டு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் வழி சொல்வார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் படிக்க ஆசைப்படும் ஜூனியர்களை நான் இங்கேதான் அனுப்புகிறேன்.

அவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்த 1973 முதல் 1980 வரையிலான தொகுதிகள் இங்கே கிடைக்கின்றன. ஒன்று 250 ரூபாய். தீர்ப்பெல்லாம் இணையத்தில் இலவசம்தானே என்பார்கள், சரிதான். ஆனால் இவை பழைய வக்கீல்களின் அலமாரியிலிருந்து வந்தவை. அவர்கள் எந்த வரியில் நின்று யோசித்தார்கள் என்பது ஓரத்துப் பென்சில் கோட்டில் தெரியும்.

நான் வாங்கிய 1978 தொகுதியில் மோதி ராம் வழக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழ்க்கோர்ட்டோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. உடன்பிறந்தவர் வந்து நின்றார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணய்யர் ஜாமீன்தாரர் இல்லாமல், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்கிறார். அந்தப் பத்தி பக்கத்தில் யாரோ அழுத்தி இரட்டைக் கோடு போட்டிருக்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்காக ஜாமீன் மனு போடும்போதெல்லாம் எனக்குக் கைகொடுப்பது அந்தப் பத்திதான்.

கிருஷ்ணய்யர் சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வக்கீலாக இருந்து, 1948-ல் தாமும் சிறையில் இருந்தவர். 1952-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். 1957-ல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சிறைத் துறையும் அவரிடம் இருந்தது. டெல்லி திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா, சக கைதி சித்திரவதைப்பட்டதைக் கடிதமாக எழுத, அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979-ல் தீர்ப்பு சொன்னவர் வேறு யாராக இருக்க முடியும்?

அவருடைய ஆங்கிலம் கடினம். அகராதியோடு உட்காருங்கள், பொறுமைக்குப் பலன் உண்டு.

கடையில் குறையும் உண்டு. எனக்கு வந்த 1980 தொகுதியில் பக்கங்கள் போயிருந்தன. சாக்கடையைச் சரிசெய்யக் காசில்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்ற ரத்லம் தீர்ப்பு பாதியில் நின்றது. முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். இருந்தாலும் பக்க எண்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். பழுப்புத் தாள், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம்.

1975 தொகுதி மட்டும் வந்த அன்றே போய்விடுகிறது. தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் ஓட்டுப் போடக் கூடாது என்று ஜூன் 24-ல் கிருஷ்ணய்யர் கொடுத்த இடைக்கால உத்தரவு அதில்தான் இருக்கிறது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது. போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால், தொகுதி வந்ததும் கடைக்காரர் கூப்பிடுகிறார்.