குளியலறைச் சுவரில் மாடமா, பெட்டியா?

மதுரையில் இப்போது கட்டும் வீடுகளில் குளியலறை நாலுக்கு ஏழு அடி, மிஞ்சிப் போனால் ஐந்துக்கு எட்டு. அதற்குள் ஷாம்பு, சீயக்காய், சோப்பு, பிரஷ் எல்லாம் வைக்க ஓர் இடம் வேண்டும். சுவரைக் குடைந்து மாடம் எடுப்பதா, ரெடிமேட் ஸ்டீல் பெட்டியைப் பதிப்பதா, வெளியே கப்போர்டு மாட்டுவதா என்று பலரும் கேட்கிறார்கள். இதைச் சுவரின் கனமும் உங்கள் வீட்டுத் தண்ணீரும்தான் முடிவு செய்யும். அழகு அப்புறம்தான்.

வீடு இன்னும் கட்டு வேலையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒன்பது இஞ்ச் சுவரில் மாடம் விடச் சொல்லுங்கள். நாலு இஞ்ச் ஆழம் போனாலும் பின்னால் ஒரு செங்கல் அகலத்துக்குச் சுவர் நிற்கும். மேலே ஒரு கடப்பா பலகை, இரண்டு பக்கமும் நாலைந்து இஞ்ச் சுவரில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை அடி அகலத்துக்குத் தாராளமாகத் தாங்கும். டைல்ஸ் அளவைப் பார்த்து மாடத்தின் அளவை வைத்தால் துண்டு டைல்ஸ் ஒட்ட வேண்டியிருக்காது. ஒன்றுக்கு இரண்டு அடி டைல்ஸ் என்றால், பூச்சும் ஒட்டும் கலவையும் போக உள்ளளவு ஒரு டைல்ஸுக்குச் சரியாக வர வேண்டும். இதைக் கொத்தனாரும் டைல்ஸ்காரரும் சேர்ந்து நிற்கும்போது பேசுங்கள். தனித்தனியாகச் சொன்னால் அரை இஞ்ச் எங்கேயாவது இடிக்கும்.

மாடம் கெட்டுப்போவது பெரும்பாலும் அடித்தட்டில்தான். அங்கே முன்பக்கமாக லேசான வாட்டம் வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு மக் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பாருங்கள். முன்விளிம்பில் வழிந்து இறங்கிவிட்டால் சரி. பின்மூலையில் குட்டையாக நின்றால் அன்றைக்கே பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். இங்கே பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தேங்குகிற தண்ணீர் காய்ந்து காய்ந்து பாட்டிலின் அடி அளவுக்கு வெள்ளை வட்டம் விழும், பிறகு இணைப்பில் இறங்கி மறுபக்கச் சுவரில் பெயிண்டை உப்ப வைக்கும். அதனால் அடித்தட்டுக்கு மட்டும் டைல்ஸைத் தவிர்த்து ஒரே துண்டு கிரானைட் போடுங்கள், நடுவில் இணைப்பே இருக்காது. டைல்ஸுக்கு முன்னால் மாடத்துக்குள் ஐந்து பக்கமும் நீர்த்தடுப்புப் பூச்சு கட்டாயம். மூலைகளில் சாதா வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம், எபாக்சி க்ரௌட் (இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) போடுங்கள். காசு கூடத்தான், ஆனால் நியாயமான செலவு.

வெளிச்சுவரில் மாடம் விட்டால் ஒரு கவனம். அந்த இடத்தில் சுவர் பாதிக் கனம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை அடிக்கும் பக்கமாக இருந்தால் வெளிப்பூச்சு விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும்.

கட்டி முடித்த வீடு என்றால் கதையே வேறு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை இஞ்ச் சுவர். அதைக் குடைந்தால் பின்னால் பூச்சுதான் மிஞ்சும். சுமை தாங்கும் செங்கல் சுவரில் குழாய்க்கு நெடுக்காக எடுக்கும் காடியே கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையாக எடுப்பது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது IS 1905 என்ற எண்ணுள்ள இந்தியத் தர விதி. அப்புறம் நாலு இஞ்ச் ஆழத்துக்கு எங்கே போவது? ஹாலோ பிளாக் சுவரில் உளி வைத்தால் கல்லின் வெற்றறைதான் திறக்கும். ஹீட்டர் ஒயரும் தண்ணீர்க் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரியாமல் கட்டிங் மெஷினை எடுக்க விடாதீர்கள். பில்லரிலும் பீமிலும் கையே வைக்கக் கூடாது.

ஒன்பது இஞ்ச் சுவரில் பிறகு குடைந்துதான் ஆக வேண்டும் என்றால் ஸ்டீல் பெட்டி வசதி. உள்ளே டைல்ஸ் வேலை இல்லை, மூலை ஒழுகாது. துருப்பிடிக்காத ஸ்டீலில் 304 என்ற தரமா என்று கேட்டு வாங்குங்கள், மட்டமான ரகம் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப் புள்ளி விடும். எந்த ஸ்டீலாக இருந்தாலும் வெள்ளைப் படிவு பளிச்சென்று தெரியும், தினமும் துடைக்கிற வீட்டுக்குத்தான் அது சரிப்படும்.

நாலரை இஞ்ச் சுவர்க்காரர்களுக்கு வெளியே மாட்டும் கப்போர்டே நல்லது. பிவிசி அல்லது அலுமினியம் எடுங்கள். பிளைவுட்டைக் கரையான் விடாது, பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் உப்பிவிடும். ஐந்தாறு இஞ்ச் வெளியே நீட்டுமே, நாலடி அகல அறையில் தோளில் இடிக்குமே என்றால், வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிக் கதவோடு மாட்டுங்கள். அங்கே யாரும் நடக்கப் போவதில்லை.

மாடத்துக்கும் கதவு போடலாமா என்றால், ஷவர் பக்கம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் அடைந்து கீல் துருப்பிடிக்கும், பூஞ்சை வாடை வரும். கதவு வேண்டுமென்றால் தண்ணீர் படாத பக்கம் மட்டும்.

மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனத்த சுவர், விளக்கு மாடமும் சுவர் அலமாரியும் முன்பே இருக்கும். கனம் இருக்கிறதே என்று உடனே குடைந்துவிடாதீர்கள். சாந்து பொடிந்திருந்தால் மேல்வரிசைக் கற்கள் சரியும், முதலில் மேலே பலகை ஏற்றிவிட்டுத்தான் கீழே எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவராக இருந்தால் அவர்களிடம் கேட்காமல் உளியைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்திலும் அதே இடத்தில் ஓர் அலமாரி இருக்கலாம்.